மவுஸ் யார் கையில் இருக்கிறது?

தளவாய்புரத்தில் நைட்டி தைக்கும் எந்த வீட்டிலும் கேட்டுப் பாருங்கள். பத்து மீட்டர் துணியைப் பாழாக்கித்தான் தையல் படித்தேன் என்பார்கள். கரும்பலகையில் எழுதிப்போட்டு யாரும் தையல் சொல்லித்தருவதில்லை. கணினிக்கு மட்டும் ஏனோ பல இடங்களில் அப்படித்தான் நடக்கிறது. ஒருவர் திரையில் காட்டுவார், ஐம்பது பேர் பார்த்துவிட்டு சான்றிதழோடு வீடு திரும்புவார்கள்.

வீட்டில் கணினி உள்ள பிள்ளை, மாலையில் அதைச் செய்து பார்த்துக்கொள்ளும். காலனியிலிருந்து வரும் பிள்ளைக்கு அந்த இரண்டு மணி நேரம்தான். அதிலும் மூவருக்கு ஒரு கணினி என்றால், முன்பே தெரிந்தவர் கைக்கு மவுஸ் போய்விடும். தெரியாத பெண் ஓரமாக நின்று பார்ப்பாள். 'இதுகூடத் தெரியாதா' என்ற சிரிப்புக்குப் பயந்து வாய் திறக்க மாட்டாள். ஊரில் எங்கே நிற்க வேண்டும் என்று ஏற்கெனவே சொல்லிக்கொடுக்கப்பட்ட பிள்ளைக்கு இது புதிதும் அல்ல.

இதற்கு எளிய வழி ஒன்று உண்டு. விஞ்ஞானிகளுக்கு நிரல் எழுதக் கற்றுத்தர 1998-ல் அமெரிக்காவில் தொடங்கிய 'சாஃப்ட்வேர் கார்ப்பென்ட்ரி' பட்டறைகளில், ஆசிரியர் ஒவ்வொரு வரியாகத் தட்டச்சு செய்வார். மாணவர்களும் கூடவே தட்டுவார்கள். ஆசிரியருக்கே பிழை வரும். அதை எல்லோர் முன்பும் திருத்துவார். ஒவ்வொருவரிடமும் இரண்டு நிறத்தில் ஒட்டுத்தாள் இருக்கும். முடித்தால் ஒரு நிறம், சிக்கினால் மற்றது. அதைக் கணினி மூடியில் ஒட்டினால் உதவியாளர் தேடி வருவார். கையை உயர்த்தி அவமானப்பட வேண்டியதில்லை. ஒட்டுத்தாள் விலை ஒன்றும் பெரிதல்ல, நம் பள்ளிகளிலும் செய்யலாம்.

விஞ்ஞானிகளுக்குச் சரி, சேரிப் பிள்ளைகளுக்கு ஒத்துவருமா என்று கேட்பவர்களுக்கு பெங்களூரு பதில் சொல்கிறது. அங்கே ஒரு குடிசைப்பகுதியில், கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்களின் உதவியோடு அம்பேத்கர் பெயரில் சமுதாயக் கணினி மையம் நடந்தது. பழைய கணினிகள்தான். 'கிம்ப்' என்ற இலவச ஓவிய மென்பொருளில் பிள்ளைகள் படம் வரைந்தார்கள். நம் மாநிலத்திலேயே விழுப்புரத்தில், குனு/லினக்ஸ் பயனர் குழு 2013 முதல் தன்னார்வலர்களைக் கொண்டு கிராமப்புற மாணவர்களுக்குக் கட்டணமின்றித் தொழில்நுட்பம் சொல்லித்தருகிறது. மென்பொருளுக்கும் காசு இல்லை. விழுப்புரத்தில் நடப்பது ராஜபாளையத்தில் நடக்காமல் இருப்பதற்குக் காரணம் எதுவும் எனக்குத் தோன்றவில்லை.

தாட்கோ மூலமும் ஆதிதிராவிடர், பழங்குடியின இளைஞர்களுக்குத் திறன் பயிற்சிகள் உண்டு. அதுவோ தனியார் மையமோ, சேரும் முன் மாணவர்கள் இரண்டு கேள்வி கேளுங்கள். ஒரு கணினிக்கு எத்தனை பேர்? பயிற்சி முடியும்போது நானே செய்த எதைக் கையில் கொண்டுபோவேன்? மூன்று பேருக்கு ஒன்றுதான் என்றால், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இருக்கை மாற்றச் சொல்லுங்கள். மாறியதும், மவுஸைத் தொடாமல் பக்கத்தில் இருப்பவர் வாயால் மட்டுமே வழி சொல்ல வேண்டும்.