ஆபரேஷன் ஆகியும் ஏன் இளைக்கலை?

இரைப்பை வளையம் பொருத்திக்கொண்டவர்களை விடாமல் துரத்தும் கேள்வி இது. பாதி பதில் அந்த வளையத்தின் இயல்பிலேயே இருக்கிறது. மீதி பதில், டாக்டரிடம் எத்தனை முறை திரும்பிப் போனார்கள் என்பதில் இருக்கிறது.

எத்தியோப்பியாவில் ஆடு மாடு மேய்த்து வளர்ந்த மிட்டிக்கு பெலாச்சு, பெல்ஜியத்தில் அறுவை மருத்துவரானார். 1993 செப்டம்பர் 1 அன்று, ஹுய் என்ற சிறு நகரத்து மருத்துவமனையில், வயிற்றைப் பெரிதாகக் கிழிக்காமல் சிறு துளைகள் வழியாகவே ஒரு நோயாளியின் இரைப்பையின் மேற்பகுதியைச் சுற்றி சிலிகான் வளையம் ஒன்றை மாட்டினார். தேவைக்கேற்ப இறுக்கவும் தளர்த்தவும் முடிகிற வளையத்தை இப்படித் துளைவழியே பொருத்திய முன்னோடிகளில் ஒருவர் அவர். இரைப்பையை வெட்டி நீக்க வேண்டியதில்லை, குடலை மாற்றி இணைக்க வேண்டியதில்லை, வேண்டாம் என்றால் கழற்றியும் விடலாம். 2001 ஜூனில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இதற்கு அனுமதி தந்தது. 2011இல் அந்நாட்டில் நடந்த உடல் பருமன் அறுவைகளில் 35.4 சதவீதம் வளையம்தான்.

2019இல் அது 0.9 சதவீதம்.

எட்டே ஆண்டுகளில் ஏன் இந்தச் சரிவு? வளையம் நழுவுவது, இரைப்பைச் சுவரை அரிப்பது, மறு அறுவை தேவைப்படுவது எல்லாம் காரணங்கள்தாம். அவற்றுக்கு இணையாக இன்னொன்றும் சேர்ந்துகொண்டது: எடை மெல்லத்தான் குறைந்தது. இரைப்பையில் பெரும்பகுதியை வெட்டி எடுக்கும் 'ஸ்லீவ்' முறையும், குடலைத் திருப்பி இணைக்கும் 'பைபாஸ்' முறையும் கண்ணெதிரே வேகமாக இளைக்க வைக்கும்போது வளையத்துக்குக் காத்திருக்கப் பலருக்குப் பொறுமை இல்லை. ஆனால் ஏற்கெனவே வளையத்தோடு வாழ்பவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்த மெதுவான கணக்கு புரிந்தாக வேண்டும்.

எது மெதுவான வேகம், எது கோளாறு?

வளைய முறைக்கு மருத்துவர்கள் சொல்லும் வழக்கமான வேகம், வாரத்துக்கு அரைக் கிலோ முதல் ஒரு கிலோ வரை. பைபாஸ் செய்தவர்கள் தங்கள் குறைந்தபட்ச எடையை ஓராண்டு, ஒன்றரை ஆண்டில் எட்டிவிடுவார்கள்; வளையம் போட்டவர்கள் தங்களுடையதை எட்ட இரண்டு, மூன்று ஆண்டுகள் ஆகும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 160 செ.மீ. உயரமுள்ள ஒரு பெண்ணின் எடை 110 கிலோ. உடல் நிறை குறியீடு 25 என்றால் அவர் 64 கிலோ இருக்க வேண்டும். ஆக, மிகை எடை 46 கிலோ. மெல்போர்னில் பால் ஓ'பிரையன் குழுவினர் வளையம் பொருத்தியவர்களைப் பதினைந்து ஆண்டுகள் வரை பின்தொடர்ந்து 2013இல் வெளியிட்ட ஆய்வின்படி, நீண்ட கால நோக்கில் குறைவது மிகை எடையில் சுமார் 47 சதவீதம். நம் கணக்கில் அது ஏறக்குறைய 22 கிலோ. மூன்றாண்டு ஒழுங்காக இருந்தால் அந்தப் பெண் 88 கிலோவில் நிற்பார்.

88 கிலோவில் நிற்பவரைக் கல்யாண வீட்டில் பார்ப்பவர்கள் "இளைச்சிட்டியே" என்று சொல்ல மாட்டார்கள். "லட்சக்கணக்குல செலவு பண்ணியும் அப்படியேதான இருக்க?" என்பார்கள். ரத்தப் பரிசோதனை வேறு கதை சொல்லும். ஆஸ்திரேலியாவில் ஜான் டிக்ஸன் குழுவினர் நடத்தி 2008இல் 'ஜாமா' இதழில் வெளியிட்ட ஆய்வில், சர்க்கரை நோய் வந்து அதிக காலம் ஆகாத 60 பேர் இருந்தார்கள். வளையம் பொருத்திய பிரிவில் இரண்டாண்டு முடிவில் உடல் எடை சராசரியாக 20.7 சதவீதம் குறைந்திருந்தது; 73 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் தணிந்திருந்தது. வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்ற பிரிவில் தணிந்தது 13 சதவீதம் பேருக்கு.

இதன் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். ஸ்வீடனில் 1987இல் தொடங்கிய பெரிய ஆய்வு, முதல் ஓரிரு ஆண்டுகளில் வளையத்தால் 20 சதவீதம் வரை குறைந்த உடல் எடை, பத்தாண்டில் 14 சதவீதக் குறைவாகச் சுருங்கியதைக் காட்டியது. பைபாஸில் அதே காலத்தில் நிலைத்த குறைவு 25 சதவீதம். எல்லோருக்கும் வளையம் கைகொடுப்பதில்லை என்பதும் உண்மைதான். ஆனால் பக்கத்து வீட்டில் பைபாஸ் செய்தவரோடு தன்னை ஒப்பிட்டு "எனக்குக் கட்டுப்பாடு போதாது" என்று நொந்துகொள்வது தவறான அளவுகோல். நிதின் கட்கரி 2011இலும் அருண் ஜெட்லி 2014இலும் உடல் பருமன் அறுவை செய்துகொண்ட செய்திகளுக்குப் பிறகு, இந்தியாவில் எல்லா முறைகளும் ஒரே பெயரில்தான் பேசப்படுகின்றன. குழப்பம் அங்கேயே தொடங்கிவிடுகிறது.

ஆளுநரின் வளையம்

வளையத்தால் உலகச் செய்தியானவர் அமெரிக்காவின் நியூஜெர்சி மாநில ஆளுநராக இருந்த கிறிஸ் கிறிஸ்டி. ஐம்பது வயதைத் தொட்ட சில மாதங்களில், 2013 பிப்ரவரியில், வேறொரு பெயரில் மருத்துவமனையில் சேர்ந்து வளையம் பொருத்திக்கொண்டார். மே மாதம்தான் விஷயம் வெளியே வந்தது. பிள்ளைகளுக்காகச் செய்தேன் என்றார். அவருக்கு அறுவை செய்த ஜார்ஜ் ஃபீல்டிங், தாமும் வளையம் பொருத்திக்கொண்டவர்.

தொலைக்காட்சி நகைச்சுவையாளர்கள் கிறிஸ்டியின் உடம்பை விட்டுவைத்ததே இல்லை. அறுவைக்குப் பிறகு எடை குறைந்தது, ஆனால் ஒல்லியாகவில்லை. 2016 அதிபர் தேர்தலுக்கான உட்கட்சிப் போட்டியில் நின்றபோதும் அவர் பெருத்த உடம்புக்காரர்தான். வசதி, சிறந்த மருத்துவர், அருகிலேயே மருத்துவமனை என்று எல்லாம் இருந்த ஒருவருக்கே வளையம் இவ்வளவுதான் செய்தது.

இங்கிலாந்தின் தொலைக்காட்சித் தொகுப்பாளர் ஃபெர்ன் பிரிட்டனுக்கு நடந்தது வேறு வகை. உணவும் உடற்பயிற்சியுமாக இளைத்தார் என்று ரசிகர்கள் நம்பியிருந்த நிலையில், வளையம் பொருத்தியிருந்தது 2008இல் வெளியாகி, ஏமாற்றிவிட்டதாகத் திட்டு வாங்கினார். இளைத்தாலும் பேச்சு, இளைக்காவிட்டாலும் பேச்சு.

மதகு அல்ல

வளையம் எப்படி வேலை செய்கிறது? கடலூர் மாவட்டத்தில் திட்டக்குடிப் பக்கத்து விவசாயியிடம் கேட்டால், வெலிங்டன் ஏரி மதகைக் காட்டி விளக்குவார்: இறக்கினால் தண்ணீர் குறையும், ஏற்றினால் கூடும். மருத்துவர்களும் வெகு காலம் அப்படித்தான் நினைத்தார்கள். உணவுப் பாதையை நெருக்கினால் சாப்பாடு குறையும் என்பது கணக்கு.

ஓ'பிரையன் குழுவின் பிற்கால ஆய்வுகள் வேறு மாதிரி சொல்கின்றன. சரியான அளவில் இருக்கும் வளையம் உணவை வெகு நேரம் தடுத்து நிறுத்துவதில்லை. ஒவ்வொரு கவளமும் அந்த இடத்தைக் கடக்கும்போது இரைப்பைச் சுவரில் ஏற்படும் அழுத்தம், நரம்பு வழியாக 'போதும்' என்ற சேதியை மூளைக்கு அனுப்புகிறது. பசி அடங்குவதுதான் வளையத்தின் வேலை. அதனால்தான் கவளம் சிறியதாக, நன்றாக மென்றதாக, ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி விட்டதாக இருக்க வேண்டும் என்கிறார்கள். அரைக் கோப்பை அளவுச் சாப்பாட்டுக்கு இருபது நிமிடம்.

'எடை குறையவில்லை, இன்னும் இறுக்குங்கள்' என்று கேட்பதில் உள்ள ஆபத்தும் இதுதான். அளவுக்கு மீறி இறுக்கினால் இட்லிகூட நெஞ்சில் நிற்கும், சப்பாத்தியும் காய்ந்த கறித் துண்டும் திரும்பி வரும். ஆள் தானாகவே இறங்குகிற உணவுக்கு மாறிவிடுவார். கஞ்சி இறங்கும், கூழ் இறங்கும், பாயசம், ஐஸ்கிரீம், டீயில் நனைத்த பிஸ்கெட் எல்லாம் தடையில்லாமல் இறங்கும். 'போதும்' என்ற சேதியும் எழாது, கலோரியும் குறையாது. வளையம் இறுகி இருக்கும்போதே எடை ஏறுவது இப்படித்தான். ஒரு தேக்கரண்டி சர்க்கரையில் சுமார் 20 கலோரி. கடையில் ஒரு நாளைக்கு ஐந்து டீ குடிப்பவருக்கு, டீக்கு இரண்டு கரண்டி என்றால், சர்க்கரையில் மட்டுமே 200 கலோரி. வளையத்துக்கு அது தெரியாது.

உடம்பும் தன் பங்குக்குக் குறுக்கே நிற்கும். அமெரிக்காவின் 'பிக்கஸ்ட் லூசர்' எடைக்குறைப்புப் போட்டியில் கலந்துகொண்ட 14 பேரை ஆறு ஆண்டுகள் கழித்துச் சோதித்தது ஆய்வாளர் கெவின் ஹாலின் குழு. 2016இல் வெளியான முடிவின்படி, அவர்கள் உடல் ஓய்வில் எரித்த சக்தி, எதிர்பார்த்ததைவிட நாளொன்றுக்கு ஏறக்குறைய 500 கலோரி குறைவு. இளைத்த உடம்பு சிக்கனமாகிவிடுகிறது. சில மாதம் இறங்கிவிட்டு முள் அசையாமல் நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம். அப்படி நிற்கும்போது கைகொடுப்பவை புரதமும் தசையும்தான். முட்டை, மீன், பருப்பு, நன்றாக மென்ற சுண்டல் முதலில், சோறு பிறகு. நடையோடு கொஞ்சம் பளு தூக்குவதும் சேர வேண்டும்.

வேப்பூர் கூட்டுரோட்டிலிருந்து எத்தனை தடவை?

பீங்கான் தொழிலுக்குப் பெயர்போன விருத்தாசலத்துக்கு மேற்கே உள்ள மங்களூர் ஒன்றியம் மக்காச்சோளமும் பருத்தியும் விளையும் மானாவாரி பூமி. உடல் பருமன் நகரத்து நோய் என்ற எண்ணம் இங்கும் இனி செல்லாது. தேசியக் குடும்ப நல ஆய்வின் 2019-21இல் நடந்த ஐந்தாவது சுற்று, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 40.4 சதவீதமும் ஆண்களில் 37 சதவீதமும் குறியீடு 25ஐத் தொட்டவர்கள் அல்லது தாண்டியவர்கள் என்கிறது. முந்தைய சுற்றில் பெண்கள் 30.9 சதவீதம்தான்.

அறுவை என்று முடிவானால் சென்னை, புதுச்சேரி, திருச்சி என்று போகலாம். ஒரு முறை போய் முடித்துவிட்டு வருகிற சிகிச்சைகளுக்கு இந்தத் தூரம் பெரிதில்லை. வளையம் அந்த வகை அல்ல. தோலுக்கு அடியில் புதைத்திருக்கும் 'போர்ட்' வழியாக ஊசியால் உப்புநீர் ஏற்றியும் இறக்கியும் அளவு பார்க்க வேண்டும். அறுவை முடிந்து நான்கு முதல் ஆறு வாரத்தில் முதல் நிரப்பல், பிறகு படிப்படியாக. ஏற்றுவது பெரும்பாலும் ஒரு மில்லிக்கும் குறைவு. சில நிமிட வேலைக்கு வேப்பூர் கூட்டுரோட்டில் பஸ் ஏறி ஒரு நாள் கூலியை விட வேண்டியிருக்கும்.

அந்தக் கூலியை விடுவது வீணா? அமெரிக்காவில் 2004இல் வெளியான ஓர் ஆய்வு இதை நேரடியாகப் பார்த்தது. வளையம் பொருத்தியவர்களில் முதல் ஆண்டில் ஆறு முறைக்கு மேல் மருத்துவரிடம் வந்தவர்களுக்கு மிகை எடையில் 50 சதவீதம் குறைந்தது. ஆறு அல்லது அதற்குக் குறைவாக வந்தவர்களுக்கு 42 சதவீதம். பைபாஸ் செய்தவர்களிடம் இந்த வேறுபாடு பெரிதாகத் தெரியவில்லை. அதாவது வளையத்தில் மறுவருகையும் சிகிச்சையின் ஒரு பகுதி. பஸ் செலவையும் விடுப்பையும் கணக்கில் சேர்க்காமல் எந்த முறை என்று முடிவெடுப்பது கிராமத்து நோயாளிக்கு நஷ்டம்.

வேலையும் குறுக்கே வரும். பருத்தி எடுக்கும் நாளில் காலைச் சாப்பாட்டை விட்டுவிட்டு, மதியம் அவசரமாக அள்ளிப் போட்டுக்கொள்வது வளையத்துக்கு ஒத்துவராது. சூளை வெப்பத்தில் நிற்கும் பீங்கான் தொழிலாளிக்குத் தண்ணீர் கட்டாயம்; ஆனால் சாப்பாட்டோடு கலக்காமல், இடைவேளைகளில் மடக்கு மடக்காகக் குடிக்க வேண்டும்.

எப்போது ஓட வேண்டும்?

எடை மெதுவாகக் குறைவது கவலை தரலாம். அது அவசரம் அல்ல. அவசரமானவை வேறு. எச்சில்கூட இறங்காமல் நிற்பது, விடாத வாந்தி, கடும் வயிற்றுவலி, போர்ட் இருக்கும் இடத்தில் சிவப்பும் சீழும், இரவில் புரையேறி இருமல் ஆகியவை வந்தால் அன்றே மருத்துவமனை. நாட்கணக்கில் வாந்தி நீடித்தால் வைட்டமின் பி1 குறைந்து நரம்பு பாதிக்கலாம். அதுவரை அடங்கியிருந்த பசி திடீரென்று பழையபடி திரும்பினால், வளையத்தில் கசிவோ அரிப்போ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கர்ப்பம் தரித்தால் வளையத்தைத் தளர்த்துவது பற்றி உடனே கேட்க வேண்டும்.

ஒழுங்காக மறுவருகை, சரியான அளவு, சரியான உணவு எல்லாம் இருந்தும் இரண்டாண்டில் பலன் இல்லையென்றால், வளையத்தை எடுத்துவிட்டு ஸ்லீவுக்கோ பைபாஸுக்கோ மாறுவது உலகெங்கும் நடக்கிறது. எடை குறைக்கும் மருந்துகளான 'மவுன்ஜாரோ' 2025 மார்ச்சிலும் 'வெகோவி' ஜூனிலும் இந்தியச் சந்தைக்கு வந்த பின், வாரம் ஒரு ஊசி என்ற வழியும் திறந்திருக்கிறது. இந்த மருந்துகள் எதையும் தாமாகத் தொடங்கக் கூடாது.

எந்த வழிக்கும் முன்னதாகக் கையில் இருக்க வேண்டியது ஒரு தாள். வளையத்தின் வணிகப் பெயர், அளவு, பொருத்திய தேதி, உள்ளே இப்போது எத்தனை மில்லி, கடைசியாக ஏற்றிய தேதி ஆகியவை அதில் இருக்க வேண்டும். எத்திகான் நிறுவனம் தன் 'ரியலைஸ்' வளையத்தை 2016இல் சந்தையிலிருந்து விலக்கிக்கொண்டது. 'லேப்-பேண்ட்' 2013இல் அலெர்கனிடமிருந்து அப்போலோ எண்டோசர்ஜரி என்ற அமெரிக்க நிறுவனத்துக்கும் பிறகு ரீஷேப் நிறுவனத்துக்கும் கைமாறியது. சென்னை அப்போலோவுக்கும் இதற்கும் தொடர்பில்லை. வளையம் பொருத்திய டாக்டர் ஊர் மாறியிருந்தால், புதிதாகப் பார்ப்பவருக்கு இந்த விவரங்கள்தான் தொடக்கப்புள்ளி. டிஸ்சார்ஜ் சம்மரியை இரண்டு ஜெராக்ஸ் எடுத்து ஒன்றை வீட்டிலும் ஒன்றைப் பையிலும் வைத்துக்கொள்வது நல்லது. ஒவ்வொரு நிரப்பலுக்குப் பிறகும் புதிய அளவை அதே தாளில் டாக்டரிடமே எழுதி வாங்கிக்கொள்ளலாம்.