எண்ணைக் கொண்டு ஆளைத் தீர்மானிக்கலாமா?

பெயரை மறைத்துக்கொண்டு இணையத்தில் ஆபாசமும் அவதூறும் எழுதுவோரைக் கண்டுபிடித்துத் தண்டிக்கவேண்டும் என்பதில் இரண்டு அபிப்பிராயம் கிடையாது. ஆனால் ஐ.பி. முகவரி கிடைத்துவிட்டால் குற்றவாளியே அகப்பட்டுவிட்டதாக எண்ணுவது பெரும் பிசகு. அது நிரபராதிகளைச் சிறைக்கு அனுப்பக்கூடிய பிசகு ஆதலால், அதைக் குறித்து எழுதுவது நமது கடமையாகிறது.

ஐ.பி. முகவரி என்பது இணைப்பின் எண்; மனிதனின் பெயரன்று. நமது காஞ்சியில் பிள்ளையார்பாளையத்து நெசவாளர் வீடு ஒன்றை எடுத்துக்கொள்வோம். இணைப்பு தகப்பனார் பெயரில் இருக்கும். மகன் அதில் பாடம் படிப்பான். மருமகள் புடவை டிசைன்களை வியாபாரிக்கு அனுப்புவாள். அடுத்த வீட்டுப் பையனும் கடவுச்சொல்லைக் கேட்டு வாங்கியிருப்பான். வெளியுலகுக்கு இவர்கள் நால்வரும் ஒரே எண். வரதராஜப் பெருமாளைச் சேவிக்க வந்து விடுதியில் தங்கும் யாத்திரிகர்களின் நிலையும் இதுவே. செல்போன் கம்பெனிகளோ ஒரே எண்ணை ஒரே சமயத்தில் பல சந்தாதாரர்களுக்குப் பங்கிட்டு அளிக்கின்றன. துல்லியமான நேரமும் ‘போர்ட்’ எண்ணும் சேர்ந்தால்தான் இன்னாருடைய இணைப்பு என்று பிரித்தறிய முடியும். வெளிநாட்டுக் கம்பெனிகளின் பதிவேடுகள் பெரும்பாலும் சர்வதேச நேரப்படி இருக்கும். நமது நேரம் அதற்கு 5½ மணி முந்தியது. கணக்கில் தவறினால் ஆளே மாறிவிடுவான்.

இது கற்பனையன்று. 2007-ஆம் வருஷம் ஆர்க்குட் தளத்தில் சத்ரபதி சிவாஜியை இழிவுபடுத்தும் பதிவு வெளிவந்தது. ஐ.பி. முகவரியைப் பின்பற்றிச் சென்ற புனா போலீஸார் பெங்களூரில் ஓர் இளம் கம்ப்யூட்டர் எஞ்சினீயரைக் கைது செய்தார்கள். அவர்களுக்குக் கிடைத்த சந்தாதாரர் விவரமே தவறு. குற்றத்துக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை. ஆயினும் அவர் சிறையில் கழித்தது 50 நாள்.

இதற்கு நேர்மாறானது 2004-இல் சென்னையில் நடந்த வழக்கு. யாஹூ குழுவொன்றில் ஒரு பெண்மணியைப் பற்றி ஆபாசமாக எழுதியவனுக்கு எழும்பூர் கோர்ட்டு அவ்வருஷம் நவம்பர் 5-ந் தேதி தண்டனை விதித்தது. அங்கே நிபுணர்களின் சாட்சியத்தோடு இணைய மையக்காரர்களின் சாட்சியமும் கோர்ட்டின் முன் வந்தது. பாவு மட்டும் புடவையாகாது, ஊடும் சேரவேண்டும். எண்ணோடு சாட்சியமும் சேர்ந்தபோதுதான் நியாயம் கிடைத்தது.

பெயரை மறைப்பதெல்லாம் கயமை என்று கொள்வதும் தவறு. கூலிக் குறைவைப் பற்றித் தன் பெயரிட்டு எழுதும் தறிக்காரன், மறுநாள் பாவு கிடைக்குமோ என்று அஞ்சவேண்டியவனாக இருக்கிறான். பெயரைப் பிடித்து ஆளைத் தண்டிப்பதன் அநீதியையும் நமது தேசம் அறியும். சென்னை ‘இந்தியா’ பத்திரிகையின் உயிராக இருந்தவர் பாரதியார். பதிவேட்டில் பெயர் கொடுத்திருந்தவர் ஸ்ரீநிவாசன். 1908-இல் 5 வருஷச் சிறைத்தண்டனை பெற்றவர் அந்த ஸ்ரீநிவாசனே. அந்நிய ஆட்சி செய்த அக்காரியத்தைச் சுதந்திர நாட்டின் போலீஸார் எண்ணை வைத்துக்கொண்டு செய்யலாகாது.

சட்டத்தின் நிலை என்ன? தபாலிலுள்ள கடிதத்தைப் பெற மாஜிஸ்திரேட்டோ மேல் கோர்ட்டோ உத்தரவிடவேண்டும் என்கிறது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 95-ஆவது பிரிவு. மற்ற தஸ்தாவேஜுகளுக்கோ 94-ஆவது பிரிவின்படி போலீஸ் ஸ்டேஷன் அதிகாரியின் எழுத்துமூலமான உத்தரவே போதும். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்டு 24-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்த பிறகும், கடிதத்துக்குள்ள காவல் சந்தாதாரர் விவரத்துக்கு இல்லாதிருப்பது முறையன்று.

ஆகவே நாம் கோருவது இவைதான்: சந்தாதாரர் விவரத்தை மாஜிஸ்திரேட்டின் உத்தரவின்மேல் பெறவேண்டும், நேரத்தையும் போர்ட் எண்ணையும் சரிபார்க்கவேண்டும், வேறு சாட்சியமின்றி ஐ.பி. முகவரியை மட்டும் கொண்டு எவரையும் கைது செய்யலாகாது. அவதூறுக்கு ஆளானவரைக் காப்பது சர்க்காரின் கடமை. செய்யாத குற்றத்துக்காக ஒருவரும் சிறை புகாமல் காப்பதும் அதே சர்க்காரின் கடமையே.