பெந்தோங் காட்டில் விட்ட கொசு

2010ஆம் ஆண்டு டிசம்பர் 21ஆம் தேதி பகாங் மாநிலம் பெந்தோங் வட்டாரத்தில், ஆள் குடியில்லாத ஒரு காட்டுப் பகுதியில், ஆய்வுக்கூடத்தில் வளர்த்த கொசுக்களைத் திறந்துவிட்டார்கள். அத்தனையும் ஆண் கொசுக்கள். அவற்றில் ஏறக்குறைய ஆறாயிரம் மரபணு மாற்றப்பட்டவை. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக மாற்றம் செய்யாத கொசுக்களும் ஏறக்குறைய அதே அளவு விடப்பட்டன. ஜனவரி 5ஆம் தேதி சோதனையை முடித்தார்கள். சரி, இந்தச் செய்தி ஊருக்கு எப்போது தெரிந்தது? ஜனவரி மாதக் கடைசியில்தான்! சோதனை தள்ளிப்போடப்பட்டிருக்கிறது என்று எண்ணிக்கொண்டிருந்தவர்களும் உண்டு. பினாங்கு பயனீட்டாளர் சங்கம் உட்படப் பல அமைப்புகள் சத்தம் போட்டன. ஆனால் சத்தம் போட்ட நேரத்தில் காரியம் முடிந்துபோயிருந்தது.

"கொசுவ ஒழிக்கணும்னா புகையடிப்பாங்க, மருந்து போடுவாங்க. கொசுவையே கொண்டாந்து விடுவாங்களா? இது என்னாங்க கூத்து?"

இப்படி ஒரு பெரியம்மா லயத்து வாசலில் உட்கார்ந்து கேட்டால், நாம் சிரித்துவிட்டுப் போகக்கூடாது. கேட்க வேண்டிய கேள்விதான் அது. அதற்குப் பதிலும் இருக்கிறது. நம் பாட்டாளி மக்களுக்குப் புரியாத பதிலும் அல்ல.

கடிப்பது பெண் கொசு மட்டுமே. முட்டை வளர அதற்கு இரத்தம் வேண்டும். ஆண் கொசு பூவின் தேனையும் செடியின் சாற்றையும் குடித்துவிட்டுப் போய்விடும். பெந்தோங்கில் விட்ட ஆண் கொசுவின் உடம்பில், பிரிட்டனைச் சேர்ந்த ஆக்சிடெக் என்னும் நிறுவனம் ஒரு மரபணுவைச் சேர்த்திருந்தது. இந்தக் கொசு வெளியிலுள்ள பெண் கொசுவோடு சேர்ந்தால் பிறக்கும் குஞ்சுகள் வளர்ந்து பெரிதாவதற்குள் செத்துவிடும். டெட்ராசைக்ளின் என்னும் மருந்து கிடைத்தால்தான் அவை பிழைக்கும். ஆய்வுக்கூடத்தில் அந்த மருந்தைக் கொடுத்து வளர்ப்பார்கள். காட்டில் யார் கொடுப்பது? இப்படியே விட்டுக்கொண்டு வந்தால் டிங்கிக் கொசு குறையும் என்பது கணக்கு. 2019ஆம் ஆண்டில் மட்டும் இந்நாட்டில் டிங்கிக் காய்ச்சல் கண்டவர்கள் ஒரு லட்சத்து முப்பதாயிரத்துக்கும் மேல், மாண்டவர்கள் 182 பேர் என்பதை நினைத்துப் பார்த்தால், இந்தக் கணக்கைப் போட்டவர்களை நாம் குறை சொல்ல முடியாது.

மரபணு என்றால் என்ன? ஒவ்வொரு உயிரின் உடம்புக்குள்ளும், இன்னதை இப்படிச் செய் என்று எழுதி வைத்த சமையல் குறிப்பு மாதிரி ஒன்று இருக்கிறது. அதில் ஒரு வரிதான் மரபணு. அந்த வரியை எடுத்து வேறோர் உயிருக்குள் வைக்கவும், புதிதாகவே எழுதிச் சேர்க்கவும் மனிதன் கற்றுக்கொண்டு விட்டான். இந்த வித்தை வளர்ந்து இன்றைக்குச் செயற்கை உயிரியல் என்று பெயர் வாங்கியிருக்கிறது. நம் தோட்டத்துப் பால் மரங்களில் ஒட்டுக்கட்டியது நமக்குத் தெரியும். நல்லா பால் கொடுக்கும் மரத்தின் மொட்டை எடுத்து வேறொரு கன்றில் ஒட்டினோம். அங்கே ஒட்டியதும் ரப்பர்தான், ஒட்டப்பட்டதும் ரப்பர்தான். இங்கேயோ மனிதனுடைய வரியைக் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிருக்குள் வைக்கிறார்கள். அதுதான் வித்தியாசம்.

இது ஏதோ எட்டாத தூரத்தில் நடக்கும் காரியம் என்று நினைக்க வேண்டாம். இனிப்புநீர் வியாதிக்கு ஊசி போட்டுக்கொள்ளும் அண்ணன்மார்களும் அக்காமார்களும் நம்மிடையே எத்தனை பேர்! அந்த இன்சுலின் முன்பெல்லாம் பன்றி, மாடு இவற்றின் கணையத்திலிருந்து எடுக்கப்பட்டது. (பலருக்கு இது தெரியாது. தெரிந்திருந்தால் போட்டுக்கொள்ளத் தயங்கியிருப்பார்கள்.) 1978இல் கலிபோர்னியாவில் மனித இன்சுலினுக்குரிய வரியை ஒரு நுண்ணுயிருக்குள் வைத்து, அதையே இன்சுலின் தயாரிக்கச் செய்தார்கள். 1982இல் அமெரிக்காவில் அதை விற்க அனுமதி கிடைத்தது. கள்ளைப் புளிக்க வைப்பது ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் அல்லவா? அதுபோலத் தொட்டியில் ஊட்டம் போட்டு வளர்த்தால் அந்த நுண்ணுயிர் மருந்தைக் கொடுத்துவிடும். எத்தனையோ உயிரைக் காப்பாற்றிய வேலை இது.

ஆனால் தொட்டிக்குள் இருக்கும் நுண்ணுயிர் வேறு. ஜன்னல் வழியாக நம் வீட்டுக்குள் பறந்து வரும் கொசு வேறு. மருந்து வேண்டாம் என்றால் ஊசி போடாமல் இருந்துவிடலாம். கொசுவை வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? ஆகவேதான் முன்கூட்டியே சொல்ல வேண்டும், கேட்க வேண்டும் என்கிறோம்.

பெந்தோங்கில் சட்டப்படி எதுவும் செய்யவில்லை என்று நாம் சொல்லவில்லை. 2007ஆம் ஆண்டின் உயிரியல் பாதுகாப்புச் சட்டம் அப்போது நடப்பில் இருந்தது. மருத்துவ ஆய்வுக் கழகம் விண்ணப்பம் செய்தது. பொதுமக்கள் கருத்துச் சொல்லலாம் என்று அறிவிப்பு வந்தது. வாரியம் அனுமதி கொடுத்தது. எல்லாம் காகிதத்தில் ஒழுங்குதான். காலை ஐந்து மணிக்குப் பெரட்டுக்குப் போய், மத்தியானம் களைத்து வீடு திரும்புகிறவனுக்கு அந்த அறிவிப்பு எப்படிக் கண்ணில் படும்? பட்டாலும் அந்த மொழி புரியுமா? சோதனையின் முடிவுகள் 2012இல் ஓர் ஆங்கில ஆய்வேட்டில் வெளிவந்தன. அந்தக் கொசுக்கள் சராசரி இரண்டு நாள் உயிர் வாழ்ந்தன. அதிகம் போனால் 220 மீட்டர் தூரம் பறந்தன. பயப்படும்படியாக ஒன்றும் இல்லை. அட, இதையே முன்கூட்டி வந்து, "இதைத்தான் பார்க்கப் போகிறோம், முடிந்ததும் உங்களிடம் வந்து சொல்வோம்" என்று ஒரு கோயில் மண்டபத்தில் வைத்துப் பேசியிருந்தால் குறைந்தா போயிருக்கும்?

அப்படிப் பேசிய இடமும் உண்டு. மேற்கு ஆப்பிரிக்காவில் புர்கினா ஃபாசோ என்று ஓர் ஏழை நாடு. அங்கே மலேரியாவால் குழந்தைகள் மாண்டுகொண்டே இருக்கிறார்கள். நம் பாட்டன் பாட்டிகளை வரிசையில் நிறுத்திக் கொய்னா கொடுத்த காலத்தை நினைத்துக்கொள்ளுங்கள், அந்த நோய்தான். அங்கே பானா என்னும் கிராமத்தில் 2019 ஜூலை முதல் தேதி, மரபணு மாற்றி மலடாக்கிய ஆண் கொசுக்கள் ஆறாயிரத்துக்கு மேல் விடப்பட்டன. பெந்தோங் எண்ணிக்கைதான் ஏறக்குறைய. ஆனால் டார்கெட் மலேரியா என்னும் அந்த ஆய்வுக் குழு, விடுவதற்கு முன்பு பல ஆண்டுகள் மக்களிடையே வேலை செய்தது. அவ்வட்டார மக்கள் பேசுவது ஜூலா மொழி. மரபணு என்பதற்கு அதில் ஆயத்தமான சொல் கிடையாது. என்ன செய்தார்கள்? மொழி வல்லுநர்களையும் ஊர்க்காரர்களையும் ஒன்றாக உட்கார வைத்து, சொல் சொல்லாக ஓர் அகராதி தயாரித்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு நாடகம் போட்டுக் காட்டினார்கள். இந்த முதல் சோதனையால் காய்ச்சல் குறையாது, நாங்கள் கற்றுக்கொள்வதற்காகச் செய்வது என்பதையும் ஒளிக்காமல் சொன்னார்கள். அது நமக்கு மிகவும் பிடித்தது. ஊர் சம்மதித்த பிறகுதான் கொசுப் பெட்டி திறந்தது.

இவ்வளவு செய்தும் அங்கே எதிர்ப்பு இல்லாமல் போய்விடவில்லை. ஒரு கிராமம் சரி என்றால் பக்கத்துக் கிராமத்துக்கும் சேர்த்துச் சரி ஆகிவிடுமா, கொசுவுக்கு எல்லைக்கல் தெரியுமா என்று கேட்டவர்கள் இருந்தார்கள். அந்தக் குழுவின் தூரத்து நோக்கம், தலைமுறை தலைமுறையாகத் தானே பரவிப் போகும் மாற்றத்தைக் கொசுவுக்குள் வைப்பது. ஆகவே அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. 2025 ஆகஸ்டு மாதம் அந்நாட்டு அரசாங்கம் அக்குழுவின் வேலைகளையெல்லாம் நிறுத்தச் சொல்லிவிட்டது. மக்களிடம் பேசினால் காரியம் கட்டாயம் நடந்துவிடும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. பேசுவது அதற்காகவும் அல்லவே.

"அதெல்லாம் படிச்சவங்க சமாச்சாரம்யா, நமக்கு எங்கே விளங்கப் போவுது?" என்று நம்மவர்களே சொல்லிவிடுவதுதான் நமக்கு வருத்தம். அமெரிக்காவில் கேம்பிரிட்ஜ் என்னும் நகரத்தில் 1976இல் நடந்ததை இவர்களுக்குச் சொல்ல வேண்டும். உலகப் புகழ்பெற்ற ஹார்வர்ட் பல்கலைக்கழகம் அங்கேதான் இருக்கிறது. அங்கே மரபணுவை வெட்டி ஒட்டும் ஆராய்ச்சிக்கு ஓர் ஆய்வுக்கூடம் கட்டத் திட்டம் போட்டார்கள். அப்போதைய மேயர் ஆல்ஃபிரட் வெலூச்சி, உழைப்பாளிகள் வாழும் பகுதியிலிருந்து வந்தவர். பேராசிரியர்களை நகர மன்றத்துக்கு அழைத்து, உங்கள் சுருக்கெழுத்துகளையெல்லாம் விட்டுவிட்டு எங்களுக்குப் புரிகிற மாதிரி பேசுங்கள் என்று சபையிலேயே கேட்டுக்கொண்டார். நகர மன்றம் அந்த ஆராய்ச்சியை மூன்று மாதத்துக்கு நிறுத்தி வைக்கும்படி சொன்னது. பிறகு பொதுமக்களில் எட்டுப் பேரைக் கொண்ட ஒரு குழுவை அமைத்தார்கள். அதில் ஒரு தாதி இருந்தார், ஒரு கன்னியாஸ்திரி இருந்தார், வீடுகளுக்கு எண்ணெய் விற்கும் வியாபாரி ஒருவரும் இருந்தார். இவர்கள் நூறு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்து இரு தரப்பையும் கேட்டார்கள்; கேள்விமேல் கேள்வி போட்டார்கள். 1977 ஜனவரியில் அறிக்கை கொடுத்தார்கள். ஆராய்ச்சி நடக்கட்டும், ஆனால் அரசாங்கம் சொன்னதைவிடக் கூடுதல் பாதுகாப்பு வேண்டும் என்பது அவர்கள் முடிவு. நகரம் அதைச் சட்டமாக்கியது. அந்த ஊரின் ஆராய்ச்சி அதனால் அழிந்துவிட்டதா? இல்லை. இன்று உலகத்தின் பெரிய பெரிய மருந்து ஆய்வு நிறுவனங்கள் அந்த ஊரில்தான் குவிந்து கிடக்கின்றன. எண்ணெய் வியாபாரிக்குப் புரிந்தது நம் மண்டோருக்கும், ஆயாக்கொட்டகை ஆயாவுக்கும் புரியாதா?

நம் பக்கத்திலும் பிறகு நல்ல மாற்றம் தெரிந்தது. 2016இல் சிங்கப்பூரிலும் 2017இல் ஷா ஆலாம் வட்டாரத்திலும் வேறு வகைக் கொசுக்களை விட்டார்கள். இவற்றில் மரபணு வேலை கிடையாது. வொல்பாக்கியா என்று ஒரு நுண்ணுயிர், எத்தனையோ பூச்சிகளின் உடம்பில் இயற்கையாகவே இருப்பது. அதைக் கொசுவுக்குள் ஏற்றினார்கள். சிங்கப்பூரில் ஆண் கொசுவை மட்டும் விட்டார்கள். குடியிருப்பாளர்களைக் கூப்பிட்டு, கொசுக்கூண்டுக்குள் கையை விட்டுப் பாருங்கள், கடிக்கிறதா என்று நீங்களே சொல்லுங்கள் என்றார்கள். நூறு சொற்பொழிவுக்குச் சமம் அது! ஷா ஆலாமில் பெண் கொசுவும் சேர்த்து விடவேண்டியிருந்தது; பெண் கடிக்கும். அதனால் குடியிருப்பாளர்களிடம் முன்னதாகவே பேசி விளக்கினார்கள். விட்ட இடங்களில் டிங்கி ஏறக்குறைய 40 விழுக்காடு குறைந்ததாக 2019இல் ஆய்வு வெளிவந்தது. தோட்டத்தை விட்டு வெளியேறி அடுக்குமாடி வீடுகளில் குடியிருக்கும் நம்மவர்கள் பலர் அப்படிப்பட்ட வட்டாரங்களில்தான் இருக்கிறார்கள்.

கொசுவோடு இது நிற்கப் போவதில்லை. ரப்பருக்கு நேர்ந்ததை நாம் மறந்திருக்க முடியாது. 1942இல் ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்துக்கொண்டதும் அமெரிக்கா எண்ணெயிலிருந்து செயற்கை ரப்பரைப் பெருவாரியாகத் தயாரிக்கத் தொடங்கியது. இன்று உலகம் பயன்படுத்தும் ரப்பரில் ஏறக்குறைய பாதி செயற்கைதான். ரப்பர் விலை விழுந்ததும், பால் மரம் போய்ச் செம்பனை வந்ததும் நமக்கு நேர்ந்த கதை. இப்போது நியூயார்க்கில் ஒரு நிறுவனம், ஈஸ்ட்டைத் தொட்டியில் வளர்த்து, செம்பனை எண்ணெய்க்கு மாற்றாக ஓர் எண்ணெயைத் தயாரிக்கிறது. விலையில் செம்பனையோடு போட்டி போட முடியுமா என்பது வேறு விஷயம். முதலில் சோப்பு, முகப்பூச்சு போன்ற சரக்குகளில்தான் நுழைகிறார்கள். காடு அழியாமல் காக்கும் எண்ணெய் என்று விளம்பரம் செய்கிறார்கள். காட்டைக் காப்பது நல்லதுதான். குலை வெட்டிப் பிழைக்கிறவனிடம் மட்டும் இதைப் பற்றி ஒருத்தரும் வந்து பேசவில்லை. விஞ்ஞானத்தை மக்களிடம் கொண்டுபோகிறோம் என்று பல்கலைக்கழகத்துக்காரர்கள் பட்டணத்துப் பள்ளிக்கூடங்களில் கண்காட்சி வைப்பதோடு திருப்திப்பட்டுக்கொள்ளாமல், தோட்டப்புறத்துக்கும் ஒரு நாள் வரட்டும். தமிழ் தெரிந்த ஒருவரையும் கூட்டிக்கொண்டு வரட்டும்.

வரும்போது நாமும் வாயை மூடிக்கொண்டு, கொடுக்கிற காப்பியைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிடக் கூடாது. தொழிற்சங்கக் கிளைக்காரர்களும் மாதர் பகுதியினரும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தாரும் கேள்விகளை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளலாம். இது கடிக்குமா, எத்தனை நாள் இருக்கும், எவ்வளவு தூரம் போகும்? கெடுதல் வந்தா யார்கிட்ட போய்ச் சொல்றது? இதுல பணம் பண்றது யாரு, வேலை போறது யாருக்கு? நாங்க வேணாம்னு சொன்னா நிறுத்துவீங்களா? கடைசிக் கேள்விக்கு நேரான பதில் வருகிறதா என்று கவனமாகப் பாருங்கள். வந்த பதிலை எழுதி இப்பகுதிக்கு அனுப்பினால் நாம் வெளியிடுவோம்.