முகப்பரு: எந்தக் களிம்பு நல்லது? எது ஆபத்து?

பருவ வயது வந்தால் முகத்தில் பரு முளைக்கும். பெண்ணுக்கும் வரும், ஆணுக்கும் வரும். சிலருக்கு முப்பது வயதுக்கு மேலும் வருவது உண்டு. இதற்காக வெட்கப்பட வேண்டியதில்லை. நல்ல மருந்துகள் இருக்கின்றன. ஆனால், மருந்து என்று நினைத்து வினையை வாங்கிப் பூசிவிடக் கூடாது!

பரு ஏன் வருகிறது?

தோலுக்கு அடியில் எண்ணெய்ச் சுரப்பிகள் உள்ளன. பருவ வயதில் அவை அதிகமாகச் சுரக்கின்றன. எண்ணெயும் செத்த தோலும் சேர்ந்து மயிர்க்கால் துவாரத்தை அடைக்கின்றன. அங்கே கிருமிகள் பெருகுகின்றன. தோல் சிவந்து வீங்குகிறது. அதுதான் பரு.

அழுக்கினால் பரு வருவதில்லை. ஆகவே, முகத்தைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினால் பரு போகாது. தோல்தான் புண்ணாகும். காலையும் மாலையும் மென்மையான சோப்புப் போட்டுக் கழுவினால் போதும்.

வெள்ளை ஆசை

திருச்சியில் இருந்து துறையூர் செல்லும் சாலையில் இருக்கிறது, திருவெள்ளறை. வெள்ளைப் பாறை மீது பெருமாள் கோவில் அமைந்திருப்பதால் ஊருக்கு அந்தப் பெயர். பாறை வெள்ளையாக இருப்பது அழகுதான். முகமும் வெள்ளையாக வேண்டும் என்று ஆசைப்படுவதில்தான் ஆபத்து இருக்கிறது.

திருவெள்ளறை ஆனாலும், ஸ்ரீரங்கம் ஆனாலும் வீடுகளில் நடப்பது ஒன்றுதான். "பெண் பார்க்க வருகிறார்கள். அதற்குள் பரு மறைய வேண்டுமே!" என்று தாய் தவிப்பாள். பக்கத்து வீட்டு அக்காள் ஒரு களிம்பின் பெயரைச் சொல்லுவாள். பூசிய சில நாளில் பரு அமுங்கும், முகம் வெளுக்கும். வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி!

அது "ஸ்டீராய்டு" கலந்த களிம்பாக இருந்தால், மகிழ்ச்சி நீடிக்காது. மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலிந்துவிடும். ரத்தக் குழாய்கள் வெளியே தெரியும். கன்னத்தில் முடி வளரும். பூசுவதை நிறுத்தினால், முகம் சிவந்து எரியும். முன்னைவிட அதிகமாகப் பரு கிளம்பும். மறுபடியும் அதே களிம்பைத் தேடச் சொல்லும்!

இத்தகைய களிம்புகள் பலவற்றை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று மத்திய அரசு 2018-ம் ஆண்டு உத்தரவிட்டது. ஏற்கனவே பூசி வருகிறவர்கள் டாக்டரிடம் காட்டி, அவர் சொல்கிறபடி நிறுத்த வேண்டும்.

எது நல்லது?

கரும்புள்ளி, வெண்புள்ளி மட்டும் இருந்தால் "அடாபலீன்" களிம்பு உதவும். அடைப்பை நீக்கும். இரவில் மட்டும் பூச வேண்டும். கர்ப்பிணிகள் பூசக்கூடாது.

சிவந்த பருக்களுக்கு "பென்சாயில் பெராக்சைடு" நல்லது. கிருமியைக் கொல்லும். 2.5 சதவீத மருந்தில் தொடங்கலாம். துணியில் பட்டால் சாயம் போய்விடும். ஆகவே, பழைய தலையணை உறை போதும்!

இரண்டு வகைப் பருவும் இருந்தால், இந்த இரண்டு மருந்துகளையும் சேர்த்துக் கொடுப்பது உண்டு. "கிளிண்டாமைசின்" களிம்பைத் தனியாகப் பூசக்கூடாது. நாளடைவில் கிருமிகள் அதற்குப் பழகிவிடும்.

பரு போன இடத்தில் கருமை தங்கினால் "அசெலாயிக் அமிலம்" பயன்படும். கர்ப்பிணிகளுக்கும் டாக்டர்கள் இதைக் கொடுப்பது உண்டு.

பொறுமை வேண்டும்

நல்ல மருந்து நாலு நாளில் வேலை செய்யாது. 8 முதல் 12 வாரங்கள் ஆகும். முதலில் சிறிது எரிச்சலும் வறட்சியும் இருக்கும். அப்போது ஒருநாள் விட்டு ஒருநாள் பூசலாம். பட்டாணி அளவு மருந்து முகம் முழுவதற்கும் போதும். பரு மீது மட்டும் வைக்காமல், பரு வரும் இடம் முழுவதும் பூச வேண்டும். பற்பசை, எலுமிச்சைச் சாறு இரண்டும் வேண்டாம். பருவைக் கிள்ளவும் வேண்டாம், தழும்பு விழும்.

கட்டி கட்டியாகப் பரு வந்தாலும், தழும்பு விழுந்தாலும் தாமதிக்கக் கூடாது. திருச்சி அரசு ஆஸ்பத்திரியில் தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது. பூசி வந்த களிம்பையும் கையோடு எடுத்துச் சென்று டாக்டரிடம் காட்டுங்கள்.