தணியாத தாகமும் உடல் எடையும்

உடல் மெலிய வேண்டுமானால் தண்ணீரைக் குறைத்துக் குடி என்று சிலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். இது யாருக்குமே நல்ல யோசனையன்று. ஒரு சிலருக்கோ உயிருக்கே ஆபத்தாக முடியும். பரம்பரையாக வரும் மிக அரிதான ஒரு சிறுநீரகக் கோளாறு உடையவர்கள் அவர்கள். அவர்கள் தங்கள் எடையைக் காத்துக்கொள்ளும் வழி என்ன என்பதை இன்று பார்ப்போம்.

நம் சிறுநீரகங்கள் ஒரு நாளில் ஏறத்தாழ 180 லிட்டர் நீரை வடிகட்டுகின்றன. அதில் பெரும்பகுதி உடலுக்கே திரும்பிவிடுகிறது. ஒன்றரை லிட்டர் அளவே சிறுநீராக வெளியேறுகிறது. நீரைத் திருப்பி எடுத்துக்கொள் என்று மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி கட்டளை அனுப்புகிறது. அந்தக் கட்டளையைக் கொண்டுசெல்லும் பொருளுக்கு வாசோபிரசின் என்று பெயர். பெரட்டு மணி அடித்தும் காதில் விழாதவரைப் போல, இந்த நோயாளிகளின் சிறுநீரகம் அக்கட்டளைக்குச் செவிசாய்ப்பதில்லை. ஆகவே நாளொன்றுக்கு 10 லிட்டரும் அதற்கு மேலும்கூட நீர் பிரியலாம். அவ்வளவையும் குடித்துத்தான் ஈடுகட்ட வேண்டும்.

இது நாம் அறிந்த இனிப்புநீர் வியாதி அன்று. சிறுநீரில் சீனி இராது. 'டயபெட்டிஸ் இன்சிப்பிடஸ்' என்னும் பழைய பெயர் குழப்பம் தந்ததால், 2022-இல் மருத்துவச் சங்கங்கள் 'வாசோபிரசின் எதிர்ப்பு' என்ற புதுப் பெயரை முன்மொழிந்தன.

இது எப்படி வருகிறது? பரம்பரையாக வருவதில் பத்தில் ஒன்பது பங்கு, தாய் வழியாக ஆண் பிள்ளைகளுக்கு வருவது. கனடாவின் நோவா ஸ்கோஷியா பகுதியில் இந்நோயுள்ள குடும்பங்களிடையே ஒரு கதை உண்டு. தாகத்தால் தவித்த பிள்ளைக்கு ஒரு நாடோடிப் பெண் தண்ணீர் கேட்டாளாம், வீட்டுக்காரி மறுத்தாளாம், உன் ஆண் வாரிசுகள் தாகத்தால் தவிக்கட்டும் என்று அவள் சபித்தாளாம். சாபமென்று நினைத்தது ஒரு மரபணுப் பிழைதான் என்பது 1992-இல் தெளிவாயிற்று. ஆகவே இதற்காக எந்தத் தாயையும் குறை சொல்ல நியாயமில்லை.

இனி எடைக்கு வருவோம். குழந்தைகளிடம் எடை ஏறாமை முதல் அடையாளம். வயிறு தண்ணீரால் நிறைந்துவிடுவதால் பாலுக்கும் சோற்றுக்கும் இடமிருப்பதில்லை. காரணம் தெரியாத காய்ச்சல், வாந்தி, மலச்சிக்கல் ஆகியவையும் சேர்ந்தால் தாமதியாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

பெரியவர்களிடம் ஆபத்து எதிர்த்திசையில் வருகிறது. தாகத்திற்குச் சிராப்பும் புட்டிப் பானங்களும் குடித்தால் என்னாகும்? இனிப்புப் பானம் ஒரு லிட்டரில் ஏறத்தாழ 100 கிராம் சீனி இருக்கலாம். அது 400 கலோரி. ஐந்து லிட்டர் குடித்தால் 2,000 கலோரி, ஒரு நாள் சாப்பாடே அதில் அடங்கிவிடும்! தாகத்திற்குப் பச்சைத் தண்ணீரே நல்லது.

அடுத்தது உப்பு. இவர்களின் சிறுநீர் மிகவும் நீர்த்தது. ஒரு கிராம் உப்பை வெளியேற்ற ஏறத்தாழ மூன்றில் ஒரு லிட்டர் சிறுநீர் செலவாகிறது. ஒரு தேக்கரண்டி உப்புக்கு ஒன்றரை லிட்டருக்கும் மேல்! கருவாடு, ஊறுகாய், கிச்சாப், பொட்டல மீ ஆகியவற்றைக் குறைத்தால் தாகமும் குறையும். புரதத்தை மட்டும், அதிலும் வளரும் பிள்ளைகளுக்கு, மருத்துவரைக் கேளாமல் குறைக்காதீர்கள்.

தராசு இங்கே ஏமாற்றவும் செய்யும். ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ எடை. ஒரே நாளில் இரண்டு கிலோ இறங்கினால் கரைந்தது கொழுப்பன்று. உடல் வறண்டுவிட்டது என்று பொருள். தினமும் காலையில் ஒரே நேரத்தில் நிறுத்துக் குறித்து வையுங்கள். வாரக்கணக்கில் மெல்ல இறங்குவதே உண்மையான மெலிவு. தண்ணீர் அருந்தாத விரதம் இவர்களுக்கு ஒருபோதும் ஆகாது.

வகுப்பில் இப்படியொரு பிள்ளை இருந்தால், தண்ணீர்ப் புட்டியும் கழிவறைக்குப் போகும் அனுமதியும் அவனுக்கு மருந்து போன்றவை. நம் தோட்டத்துப் பிள்ளைகள் இன்று கூலிம் ஹைடெக் பூங்காத் தொழிற்சாலைகளுக்கு வேலைக்குப் போகிறார்கள். தூசு புகாத அறைக்குள் பாதுகாப்பு உடை அணிந்து நிற்கும் வேலையில் நினைத்தபோது தண்ணீர் குடிக்க முடியாது. இந்நோயுள்ளவர் வேலையில் சேரும்போதே மருத்துவர் கடிதத்தைக் காட்டி, ஏற்ற பகுதியைக் கேட்டுப் பெறுவது நல்லது.

வாந்தியினால் தண்ணீர் தங்காமற்போனால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். டிரிப் ஏற்றுமுன் நோயின் பெயரைச் சொல்லுங்கள். வழக்கமான உப்புநீர் இவர்களுக்குத் தீங்காகலாம். நோயின் பெயரை ஒரு துண்டுத் தாளில் எழுதிப் பையிலேயே வைத்திருங்கள். மயங்கிக் கிடக்கும் வேளையிலும் அந்தத் தாள் உங்களுக்காகப் பேசும்.