சித்தாவும் வீட்டு மௌனமும்

தொப்பம்பட்டி வட்டாரத்து ஜனங்களுக்குப் பழனி அன்னிய ஊரன்று. அந்தப் பழனியையே களமாகக் கொண்டு 2023-ஆம் ஆண்டு செப்டம்பரில் வெளிவந்தது "சித்தா" என்னும் திரைப்படம். டைரக்டர் அருண்குமார், கதாநாயகர் சித்தார்த். மலையையும் படிக்கட்டையும் காட்டிவிட்டு நகர்ந்துபோகும் படமன்று இது. வீடுகளுக்குள்ளே நாம் புதைத்து வைத்திருப்பதைத் தோண்டி எடுத்து நம் முன்னே வைக்கிறது.

தமையன் இறந்தபின் அவன் மகள் சுந்தரியைத் தன் மகளாகவே பேணுகிறான் ஈஸ்வரன். அவளுடைய தோழி பொன்னிக்கு, நினைக்கவும் நெஞ்சு கூசும் கொடுமை நேர்கிறது. குழந்தையால் அதைச் சொல்ல முடியவில்லை. பழியோ நிரபராதியான ஈஸ்வரன்மீது விழுகிறது. பின்னர் சுந்தரியே காணாமற் போகிறாள். பிற்பகுதியில் துரத்தலும் ஓட்டமும் சற்று மிகுதி என்பது நமது அபிப்பிராயம். ஆயினும் சக்தி என்னும் பாத்திரத்தின் பொருட்டு அதை மன்னித்துவிடலாம். நிமிஷா சஜயன் நடித்த அந்தப் பெண், தன் பிள்ளைப் பிராயத்தில் தனக்கும் இத்தகைய கொடுமை நேர்ந்ததை வெளியிடும் இடமே படத்தின் உயிர்நிலை. ஆண்கள் வெட்டவும் குத்தவும் துடிக்கிறார்களேயன்றி, துன்புற்ற குழந்தையின் அருகில் இருக்க வேண்டுமென்று எண்ணுவதில்லை என்பதே அவளுடைய வழக்கு.

இதெல்லாம் சினிமாக்காரர் கற்பனை என்று தள்ளுவதற்கில்லை. 2007-இல் மத்திய சர்க்கார் வெளியிட்ட அறிக்கைக்காக 13 மாகாணங்களில் 12,447 குழந்தைகளை விசாரித்தார்கள். பாதிக்கு மேற்பட்டோர் ஏதேனுமொரு வகையில் பாலியல் துன்பத்துக்கு ஆளானவர்கள். துன்புறுத்தியவர்களில் பாதிப்பேர் குழந்தைக்குத் தெரிந்தவர்கள், நம்பிக்கைக்கு உரியவர்கள். பெரும்பாலான குழந்தைகள் எவரிடமும் வாய் திறக்கவில்லை.

எவ்வாறு திறக்கும்? "நாளைக்கு அவளுக்குக் கல்யாணம் ஆக வேண்டாமா?" என்ற ஒரு கேள்வியிலேயே நம் வீடுகளில் விசாரணை முடிந்துவிடுகிறது. தாய்மாமனோ பெரியப்பனோ சம்பந்தப்பட்டிருந்தால் அந்தக் கேள்விகூட எழுவதில்லை. அடுத்த தீபாவளிக்கு அதே மனிதன் வருவான். அதே குழந்தை அவனுக்குக் காப்பி கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். குடும்ப கௌரவம் என்று நாம் சொல்வது இதைத்தான்!

சட்டம் இம்மௌனத்தை அங்கீகரிப்பதில்லை. 2012-ஆம் வருஷத்துப் போக்சோ சட்டத்தின் 19-ஆவது பிரிவுப்படி, இத்தகைய குற்றத்தை அறிந்தவர் எவராயினும் போலீசுக்குத் தெரிவித்தே ஆகவேண்டும். மறைத்தால் 21-ஆவது பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறைவாசமோ, அபராதமோ, இரண்டுமோ உண்டு. பேசாதிருந்த குழந்தைக்கு மட்டும் இப்பிரிவில் தண்டனை கிடையாது. பெரியோர்கள் திண்ணையில் கூடிப் பேசி முடித்துக்கொள்வதற்கு இது வரப்புத் தகராறு அன்று; இதில் ராஜி என்பதே கிடையாது.

போலீஸ் என்றதும் நம்மவர் கலங்குவது இயல்பே. ஆனால் குழந்தையை ஸ்டேஷனுக்கு இழுத்துச் செல்ல வேண்டியதில்லை. 24-ஆவது பிரிவு அதன் வாக்குமூலத்தை வீட்டிலோ, குழந்தை விரும்பும் வேறிடத்திலோ பதிவு செய்யச் சொல்கிறது. கூடியமட்டும் சப்-இன்ஸ்பெக்டர் அந்தஸ்துக்குக் குறையாத பெண் அதிகாரி, காக்கி உடையின்றி வர வேண்டும். தொப்பம்பட்டியிலே தோட்டத்து வீடாயினும் சரி, அவர்தான் அங்கே வந்து, அந்தக் குழந்தையின் அருகில் உட்கார்ந்து கேட்க வேண்டும்.