ஜல்லிக் குவியலில் ஒரு பாடம்

பாறைகள் பாடத்தை நடத்தும்போது, "கல்லில் தேடினால் புதைபடிவம் கிடைக்கும்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டேன். மறுநாள், வடபழனியில் எங்கள் பள்ளியருகே கொட்டியிருந்த கருங்கல் ஜல்லியைப் புரட்டிப் பார்த்த மாணவர்கள், "ஒண்ணுமே இல்லை மிஸ்" என்று ஏமாற்றத்துடன் வந்தார்கள். தவறு என்னுடையது.

சென்னைப் பகுதிக் கருங்கல் பெரும்பாலும் சார்னோகைட். பரங்கிமலையும் பல்லாவரம் குன்றுகளும் இப்பாறையே. கொல்கத்தாவிலுள்ள ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லை ஆராய்ந்த தாமஸ் ஹாலந்து 1893இல் இப்பெயரை இட்டார். ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகளுக்கு முன், பூமியின் ஆழத்தில், 700 டிகிரி செல்சியசுக்கும் மிகுந்த வெப்பத்தில் உருவானது. அன்று இருந்தவை நுண்ணுயிர்களே. அந்த வெப்பத்தில் அவற்றின் தடயமும் எஞ்சாது.

அரியலூரிலோ ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளுக்கு முன் கடல் இருந்தது. சேறும் மணலும் அடுக்கடுக்காகப் படிந்து, இறந்த உயிரிகளின் ஓடுகளை மூடிக் காத்தன. அதனால்தான் அங்கே அம்மோனைட் புதைபடிவங்கள் கிடைக்கின்றன.

அடுத்த வகுப்பில் என் தவறைச் சொல்லித் திருத்தினேன். ஜல்லி ஒன்றைக் கையில் வைத்திருந்த மாணவி, "அப்போ இது டைனோசரைவிடப் பழசா மிஸ்?" என்றாள். பத்து மடங்குக்கும் மேல் பழையது என்றேன். அவள் அதைக் கீழே போடவில்லை. பைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டாள்.

கல்லைக் காட்டும்போது அது பிறந்த விதத்தையும் சொல்லுவோம். எங்கே தேட வேண்டும் என்பது மாணவர்களுக்கே விளங்கிவிடும்.